ஜிம்பார்டோவுக்காக ஒரு வகுப்பு

அமெரிக்க உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ இறந்த வாரம் என் உளவியல் வகுப்பில் ஒரு முழு வேளையை அவருக்காக ஒதுக்கினேன் என்று சொன்னபோது நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். அவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர், நானோ சமுதாயக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன், இரண்டு பேருக்கும் என்ன சம்பந்தம் என்பது ஒன்று. இளைஞர்களைக் காவலர், கைதி என்று பிரித்து அவர் நடத்திய சிறைச் சோதனையே ஜோடனை என்கிறார்களே, அப்படிப்பட்டவரை நல்லாசிரியர் என்று எப்படிக் கொண்டாடுவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளும்.

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் தொழிற்பயிற்சி தந்து சான்றிதழ் கொடுக்கும் இடம் என்றுதான் பலரும் நினைப்போம். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குள் அடங்குவது அதிகம். 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில் தொடங்கிய கல்லூரிதான் இவற்றில் மூத்தது. இரண்டு வருடப் படிப்பு. நுழைவுத் தேர்வு கிடையாது, கட்-ஆஃப் கிடையாது, வந்து பெயர் கொடுத்தால் இடம். இரண்டு வருடம் படித்துவிட்டு அப்படியே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கு மாறிக்கொள்ளலாம். நான் இருக்கிற கலிஃபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள். பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். உளவியல் அறிமுகப் பாடம் மூன்று யூனிட், ஆக 138 டாலர். 1984 வரை இந்தக் கட்டணமும் இல்லை.

என் வகுப்பில் ஒரே வரிசையில் பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையன், ராணுவத்திலிருந்து திரும்பியவர், மூன்று பிள்ளைகளின் தாய், வேலை போன ஐம்பது வயது மெக்கானிக் என்று உட்கார்ந்திருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் உளவியலில் பட்டம் வாங்கப் போவதில்லை. நர்ஸாகவும் காவலராகவும் கணக்கராகவும் போவார்கள். வாழ்நாளில் அவர்கள் உளவியல் என்று படிக்கிற ஒரே பாடம் அந்த ஒரு பருவத்துப் பாடம்தான். அதை நடத்துகிற முழுநேர ஆசிரியருக்குப் பருவத்துக்கு ஐந்து வகுப்பு. பகுதிநேர ஆசிரியர்கள் பாடு இன்னும் மோசம். மூன்று கல்லூரிகளுக்கு நடுவே காரிலேயே ஓடுவார்கள். 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்றே அவர்களுக்குப் பெயர். நானும் பதினொரு வருடம் கார் டிக்கியில் மூன்று கல்லூரிக்கும் தனித்தனி அட்டைப்பெட்டி வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆய்வு செய்ய நேரமும் இல்லை, ஆய்வை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அதனாலேயே இங்கே நல்லபடி கற்பித்துவிட்டுப் போனவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இருக்காது.

சரி, இதில் ஜிம்பார்டோ எங்கே வருகிறார்? தொலைக்காட்சி வழியாக வருகிறார்.

1981-ல் பதிப்பகச் செல்வந்தர் வால்டர் அன்னன்பர்க், தொலைக்காட்சி வழியே கல்லூரிப் பாடம் கொண்டுபோவதற்காகப் பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு 15 ஆண்டுகளில் 150 மில்லியன் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தத் திட்டத்தில் வந்த தொடர்களில் ஒன்றுதான் 1990-ல் வெளியான 'டிஸ்கவரிங் சைக்காலஜி'. பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம் தயாரித்தது, அமெரிக்க உளவியல் சங்கம் துணை நின்றது. அரை மணி நேரம் ஓடும் 26 பகுதிகள். ஒரு பருவத்து அறிமுகப் பாடம் முழுவதும் அதற்குள் அடங்கும். எல்லாப் பகுதிக்கும் ஒரே தொகுப்பாளர், கருப்பு ஆட்டுத்தாடி வைத்த ஜிம்பார்டோ.

தூர்தர்ஷனில் மதிய வேளையில் யு.ஜி.சி. நிகழ்ச்சி ஓடியது ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்ததற்காக யாரும் நமக்கு மார்க் போடவில்லை. இங்கே போட்டார்கள், அதுதான் வித்தியாசம். அஞ்சல் வழிக் கல்வியோடு தொலைக்காட்சியைச் சேர்த்துக் கட்டியது போன்ற ஏற்பாடு அது. 'டெலிகோர்ஸ்' என்பார்கள். மாணவர் சமுதாயக் கல்லூரியில் முறைப்படி பதிவு செய்வார். பாடநூலும் வழிகாட்டிப் புத்தகமும் வாங்குவார். பி.பி.எஸ். என்கிற பொதுத் தொலைக்காட்சியின் உள்ளூர் அலைவரிசையில் பாடம் வரும்போது பார்ப்பார், இல்லையென்றால் வீட்டு வி.சி.ஆரில் பதிவு செய்து வைத்துக்கொள்வார். அதுவும் முடியாதவர் கல்லூரி நூலகத்துக்கு வந்து கேசட் கேட்டு வாங்குவார். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு சந்திப்பு, நடுவில் ஒரு தேர்வு, கடைசியில் ஒரு தேர்வு. அதை முடித்தால் வகுப்பறையில் உட்கார்ந்து படித்தவருக்குக் கிடைக்கும் அதே மூன்று யூனிட். தேர்வு வைப்பது, திருத்துவது, தொலைபேசியில் சந்தேகம் தீர்ப்பது எல்லாம் அந்தந்தக் கல்லூரி ஆசிரியரின் வேலை. சமுதாயக் கல்லூரிகளே சொந்தமாக டெலிகோர்ஸ் தயாரித்ததும் உண்டு. எங்கள் மாநிலத்துக் கோஸ்ட்லைன் கல்லூரியும் டெக்சாஸின் டாலஸ் கல்லூரிகளும் அதில் பேர் போனவை. ஆனால் உளவியலுக்கு என் கைக்கு வந்து சேர்ந்தது ஜிம்பார்டோவின் தொடர்.

1998 வாக்கில் என்னிடம் அந்த டெலிகோர்ஸைக் கொடுத்தார்கள். மூத்த ஆசிரியர்கள் யாரும் அதை விரும்பி எடுக்கமாட்டார்கள். முகம் தெரியாத மாணவர்கள், சனிக்கிழமைத் தேர்வு. பகுதிநேரக்காரன் தலையில் கட்டினார்கள் என்று அப்போது எனக்கும் மனக்குறைதான். அந்தப் பருவத்தில் ஒரு மாணவி. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்கிற உதவியாளர், நாற்பது வயது இருக்கும். காலை ஏழு மணிக்குப் பணி முடியும். எட்டு மணிக்குத் திறக்கிற நூலகத்தின் வாசல் படியில், பணிச் சீருடையோடேயே, காபிக் குவளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவு திறந்ததும் நேராக உள்ளே போய் கேசட் வாங்கி, ஹெட்ஃபோனை மாட்டி, ஒரு பகுதியை முடித்துவிட்டுத்தான் தூங்க வீட்டுக்குப் போவார்.

ஒரு நாள் அவர் பின்னால் நின்று பார்த்தேன். நினைவையும் மறதியையும் பற்றிய ஒன்பதாவது பகுதி. ஒரு நிமிடம் ஓடவிடுவார், நிறுத்துவார், எழுதுவார், கொஞ்சம் பின்னால் சுற்றுவார், மறுபடி அதையே கேட்பார். அரை மணி நேரப் பாடம் அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. என்னைக் கண்டதும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒன்று சொன்னார். அவர் பார்த்துக்கொள்கிற மூதாட்டி ஒருவர், மகள் எப்போது வருவாள் என்று ஒரே ராத்திரியில் முப்பது தடவை கேட்பாராம். வேண்டுமென்றே தன்னைப் படுத்துகிறார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாராம். புதிதாக ஒன்று மூளையில் பதிவாவது வேறு, பழையது அங்கேயே தங்கியிருப்பது வேறு என்று இப்போதுதான் தெரிந்ததாம். "இதை எனக்கு வேலையில் சேர்ந்த அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றைக்குப் பிறகு டெலிகோர்ஸை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கேசட்டுகளில் இன்னொன்றும் கவனித்தேன். வி.எச்.எஸ். நாடாவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிறுத்தினால் அந்த இடத்தில் படம் தேய்ந்து வெள்ளைக் கோடுகள் ஓடும். சூழ்நிலையின் வலிமையைப் பேசும் பத்தொன்பதாவது பகுதியின் கேசட்டில் அந்தக் கோடுகள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடர்ந்து வரும். அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் மனிதர் எதுவரை கீழ்ப்படிவார் என்று பார்க்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனை அது. அடுத்த அறையிலிருந்து அலறல் கேட்ட பிறகும் ஒரு சாதாரண மனிதர் மின் அதிர்ச்சி விசையை அழுத்துகிற இடம். எங்கள் மாணவர்கள் எத்தனை பேர் அந்த இடத்தில் நிறுத்தி, நான் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தத் தேய்மானமே கணக்கு.

மில்கிராமும் ஜிம்பார்டோவும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஜேம்ஸ் மன்றோ உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஜிம்பார்டோவின் குடும்பம் சிசிலியிலிருந்து வந்த ஏழைக் குடும்பம். 1933-ல் பிறந்தவர். ஐந்து வயதில் நிமோனியாவும் கக்குவானும் சேர்ந்து வந்து, ஏழைப் பிள்ளைகளுக்கான மருத்துவமனையில் ஏறக்குறைய ஆறு மாதம் கிடந்தார். ஆன்டிபயாடிக் மருந்துகள் வராத காலம். பக்கத்துக் கட்டில் பிள்ளை காலையில் இருக்காது. காமிக்ஸ் புத்தகங்களை வைத்துக்கொண்டு அங்கேதான் வாசிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு புரூக்லின் கல்லூரி, கட்டணமில்லாத நகரக் கல்லூரி. 1954-ல் அங்கே பட்டம் வாங்கி, யேல் போய், 1968-ல் ஸ்டான்ஃபோர்டு சேர்ந்தார். இலவசக் கல்லூரியின் கதவு வழியாக உள்ளே வந்தவர் அவர். என் மாணவர்கள் அவரைத் திரையில் பார்த்து ஒட்டிக்கொண்டதற்கு இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பேசுகிற விதத்தில் அந்தத் தெரு வாடை போகவே இல்லை.

1969-ல் ஜார்ஜ் மில்லர் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக ஆற்றிய உரையை எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். உளவியலை நிபுணர்கள் கையிலேயே பூட்டி வைக்காமல் சாதாரண மக்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார் மில்லர். இதை மேடையில் சொன்னவர்கள் ஏராளம். 26 அரை மணி நேரம் உட்கார்ந்து, இரவுப் பணி முடித்து வருகிற ஒருவருக்குப் புரியும்படி செய்து காட்டியவர் ஜிம்பார்டோ. 2002-ல் அவரே அந்தச் சங்கத்தின் தலைவரானார். அதற்கு முந்தின வருடம்தான் தொடரைப் புதுப்பித்திருந்தார்கள். அறிவாற்றல் நரம்பியல், பண்பாட்டு உளவியல் என்று புதிய பகுதிகள் சேர்ந்தன. பிற்பாடு முழுத் தொடரையும் இணையத்தில் இலவசமாகவே போட்டார்கள்.

பாடநூல் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதிய பாடநூலைச் சமுதாயக் கல்லூரிக்காரர்கள் வாங்கிப் பயன்படுத்துவதுதான் வழக்கம். எழுதும் மேசையில் எங்களுக்கு இடமிருக்காது. ஜிம்பார்டோ பெயர் தாங்கிய 'சைக்காலஜி: கோர் கான்செப்ட்ஸ்' நூலின் இணை ஆசிரியர்கள் யார் என்று பாருங்கள். ராபர்ட் ஜான்சன், ஒரிகன் மாநிலத்தின் அம்ப்க்வா சமுதாயக் கல்லூரி. விவியன் மெக்கான், போர்ட்லாண்ட் சமுதாயக் கல்லூரி. ஐந்து வகுப்பு நடத்துகிறவர்களுக்குத்தான் மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது தெரியும். அந்த நூலில் அது தெரிகிறது.

கூச்சத்தைப் பற்றிய அவருடைய வேலையும் எங்களுக்கு ரொம்ப உதவியது. 1970-களில் அவர் நடத்திய கணக்கெடுப்பில் பத்தில் நான்கு பேர் தங்களைக் கூச்ச சுபாவிகள் என்று சொன்னார்கள். அதற்கென்றே ஒரு சிகிச்சை மையமும் ஆரம்பித்தார். முதல் வார வகுப்பில் நான் இந்தக் கணக்கைச் சொல்வேன். ஆங்கிலம் தடுமாறுகிற, பின் வரிசையில் உட்காருகிற பிள்ளைகள் சட்டென்று தலை நிமிர்ந்து பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

1971 ஆகஸ்ட். ஸ்டான்ஃபோர்டு உளவியல் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பொய்ச் சிறை. விண்ணப்பித்த 75 பேரில் 24 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, நாளுக்கு 15 டாலர் என்று பேசி, பாதிப் பேரைக் காவலர், பாதிப் பேரைக் கைதி என்று பிரித்தார்கள். இரண்டு வாரம் நடக்க வேண்டியது ஆறே நாளில் நின்றது. காவலர்கள் கொடுமைக்காரர்களாக மாறினார்கள், கைதிகள் நொறுங்கினார்கள், சூழ்நிலையே மனிதனை மாற்றிவிடுகிறது என்பதுதான் ஜிம்பார்டோ சொன்ன கதை. நிறுத்தியே ஆக வேண்டும் என்று அவரிடம் சண்டை போட்டவர் கிறிஸ்டினா மாஸ்லாக். பின்னாளில் அவருடைய மனைவியானவர்.

அந்தக் கதையில் ஓட்டைகள் உண்டு. ஆய்வாளரான ஜிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளர் வேடத்தையும் போட்டுக்கொண்டார். கைதிகளுக்குத் தாங்கள் நிராதரவானவர்கள் என்ற எண்ணம் வர வேண்டும் என்று காவலர்களிடம் முன்கூட்டியே பேசினார். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை ஊகித்து அந்த இளைஞர்கள் அதற்குத் தகுந்தபடி நடந்திருக்கலாம் என்று 1975-லேயே அலி பனுவஜிசியும் சியாமக் முவாஹிதியும் எழுதினார்கள். 2002-ல் பி.பி.சி. ஒளிபரப்பிய சோதனையில், ஹாஸ்லமும் ரைக்கரும் அதே மாதிரி சிறை அமைத்தபோது காவலர்கள் கொடுமைக்காரர்களாக மாறவில்லை. 2019-ல் பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ டெக்ஸியே, ஸ்டான்ஃபோர்டு ஆவணங்களைத் துழாவி, இது எந்த அளவுக்கு முன்கூட்டி வடிவமைத்த நாடகம் என்று விரிவாகக் கட்டுரை எழுதினார். அந்த ஆவணங்களில் ஒரு ஒலிநாடா இருக்கிறது. சிறை வார்டனாக நடித்த மாணவர், கடுமை காட்டத் தயங்குகிற ஒரு காவலரிடம், நீ இன்னும் கண்டிப்பாக நடந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறார். அதைக் கேட்டுவிட்டால், காவலர்கள் தாங்களாகவே மாறினார்கள் என்ற வாக்கியத்தை அதே உறுதியோடு வகுப்பில் சொல்ல முடியாது. நான் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

கண்காணிப்பாளர் வேடத்தில் தான் மூழ்கிப் போனது தவறு என்று ஜிம்பார்டோ பலமுறை ஒத்துக்கொண்டார். ஆனால் சோதனையின் அடிப்படை முடிவைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே அவர் பிடிவாதமாக இருந்தார் என்பதே என் அபிப்பிராயம். அந்த இளைஞர்கள் பட்ட வேதனைக்கு, நல்ல ஆசிரியர் என்ற பெயர் ஈடாகாது. ஆனால் அந்த ஆறு நாளை மட்டும் வைத்து அவரை எடைபோட்டு, 26 பகுதிகளையும் அதோடு தூக்கி எறிவதும் எனக்குச் சம்மதமில்லை. முதியோர் இல்லத்து உதவியாளர் வாசல் படியில் காத்திருந்து கேட்ட ஒன்பதாவது பகுதியில் பொய் ஒன்றும் இல்லை.

அதனால் அன்றைக்கு வகுப்பில் என்ன செய்தேன் என்றால், முதல் பாதியில் பத்தொன்பதாவது பகுதியை முழுவதும் போட்டேன். இருபது வயதுப் பிள்ளைகள், அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து ஆரம்பத்தில் நெளிந்தார்கள். மில்கிராம் வந்ததும் அறை அடங்கிவிட்டது. அப்புறம் சிறைச் சோதனை வந்தது. விளக்கைப் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் அந்த ஒலிநாடாவை ஓடவிட்டேன். முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. தீயணைப்புத் துறையில் சேரத் தயார் செய்துகொண்டிருக்கிற ஒரு பையன்தான் கையைத் தூக்கினான். "அப்படியானால் இத்தனை நேரம் இவர் எங்களிடம் பொய் சொன்னாரா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், முன் வரிசையில் இருந்த பெண், பொய் சொல்வது வேறு, தன் கண்ணுக்குப் பட்டதை மட்டும் நம்புவது வேறு என்றாள். பையன் விடவில்லை. அப்போது காவலர்களிடம் பேசியதை ஏன் படத்தில் காட்டவில்லை என்றான். வகுப்பு நேரம் முடிந்து பதினைந்து நிமிடம் வரை வாக்குவாதம் ஓடியது. அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் கலைந்தோம்.

ஒரு பாடம் சொல்லித்தந்தவருக்கு நான் செய்யத் தெரிந்த மரியாதை இதுதான். அவர் கொடுத்ததை முழுதாக வகுப்பில் வைத்தேன், அவர் மறைத்ததையும் பக்கத்திலேயே வைத்தேன்.

உங்களுக்கே பார்க்க வேண்டும் என்றால், பத்தொன்பதாவது பகுதியில் தொடங்காதீர்கள். ஒன்பதைப் பாருங்கள், குழந்தை வளர்ச்சி பற்றிய ஐந்தைப் பாருங்கள். சமூக யதார்த்தம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பேசும் இருபதையும் விடாதீர்கள். அப்புறம் பத்தொன்பது. அது முடிந்த கையோடு ஸ்டான்ஃபோர்டு நூலக ஆவணத்தில் இருக்கிற அந்த ஒலிநாடாவைக் கேளுங்கள். எங்கள் நூலகம் கேசட்டுகளைக் கழித்துக்கட்டியபோது பத்தொன்பதாம் எண்ணை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தேய்ந்த அந்த இடத்தோடு அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.